வெற்று லாரியில் ஒரு பரீட்சை

கனரக வாகனம் ஓட்டுவதற்கு நம் நாட்டில் உரிமம் வழங்கும் முறையைக் குறை கூறுவோர் பெரும்பாலும் அதனைச் சூழ்ந்த கையூட்டைப் பற்றியே பேசுகின்றனர். அக்கண்டனம் நியாயமானதே. எனினும், கையூட்டு அறவே ஒழிந்து ஒவ்வொரு விதியும் அட்சரம் பிசகாமல் நிறைவேறும் காலம் ஒன்று வாய்த்தாலும், அவ்வுரிமத்தைப் பெற்று வெளிவரும் இளைஞன் பாரம் ஏற்றிய லாரியை மலைச்சரிவில் பத்திரமாக இறக்கும் தகுதி உடையவனாக இருப்பானா என்பதே முதலில் ஆராயத்தக்க கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வகுத்த படிமுறையில் விவேகம் இல்லாமல் இல்லை. இருபது வயது நிரம்பாதவன் போக்குவரத்து வாகனத்தைத் தொடலாகாது என்றும், இலகுரக உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருந்தவனே பெரிய வண்டிக்குப் பழகுநர் உரிமம் கேட்கலாம் என்றும் விதித்ததில், சாலையின் போக்கைக் கண் முதலில் கற்ற பின்னரே கை கனமான சக்கரத்தைப் பிடிக்க வேண்டும் என்னும் நல்ல உத்தேசம் அடங்கியிருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்னும் நிபந்தனையை 2019இல் நீக்கியதும் சரியான செயலே. ஹரியானாவின் மேவாத் பகுதியைப் போல, பள்ளிப் படிப்பு எட்டாத ஏழைக் குடும்பங்கள் வண்டித் தொழிலையே நம்பி வாழும் இடங்கள் இந்நாட்டில் பல உண்டு.

ஆனால் பரீட்சையை அருகில் நின்று பார்ப்போமாக. பயிற்சிப் பள்ளியின் பழைய லாரி ஒன்று, ஒரு மூட்டையும் ஏற்றாமல், சமதரையில் நிற்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, விண்ணப்பதாரர் அதைச் சிறிது தூரம் முன்னே செலுத்தி, பின்னே எடுத்து, நிறுத்திவிட்டு இறங்குகிறார், அடுத்தவர் ஏறுகிறார். இறக்கத்தில் செல்லும்போது விரைவாகக் கீழ்க்கியருக்கு மாற்றிக் காட்ட வேண்டும், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்ப வேண்டும் என்றெல்லாம் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே எழுதியிருக்கிறது. இறக்கமே இல்லாத மைதானத்தில், சுமையே இல்லாத வண்டியில், இவற்றை எவ்வாறு காட்டுவது? மூன்று அச்சுள்ள பத்துச்சக்கர லாரி சரக்கோடு 28.5 டன் வரை எடை கொள்ளலாம் என்பது 2018 முதல் வழக்கில் உள்ள வரம்பு. வெறும் வண்டியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கான அந்த எடையை, உரிமம் கையில் வந்த பிறகே, பெரும்பாலும் முதல் லோடு ஏற்றிய அன்றே, அவன் முதன்முறையாக உணர்கிறான்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டிகள் தொப்பூர் கணவாயில் இறங்கும் இடத்தில் இதன் விளைவை நாடு பல முறை கண்டிருக்கிறது. டீசல் மிச்சம் என்று கருதிக் கியரை நியூட்ரலில் தள்ளி, சிலர் எஞ்சினையும் அணைத்து, வண்டியைத் தன்போக்கில் உருள விடுகின்றனர். அப்பொழுது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி அற்றுப்போக, வேகம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க நேர்கிறது, டிரம் காய்ந்து லைனிங் பிடிப்பை இழக்கிறது, எஞ்சின் நின்றுவிட்டால் காற்றுத் தொட்டியை நிரப்பும் கம்ப்ரஸரும் நிற்க, மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியின் அழுத்தம் குறைகிறது, ஸ்டியரிங்கும் இறுகுகிறது. ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் தெரிந்தவன் இப்படிச் செய்யமாட்டான். ஆனால் அவனுக்கு உரிமம் கொடுத்தவர்கள் எவரும் அந்தப் பாடத்தை அவனிடம் கேட்கவில்லை.

அப்பாடத்தைக் கற்பித்தது கிளீனர் முறை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் வளர்ந்தது பெரும்பாலும் இம்முறையால்தான். டயரை இரும்புக் கம்பியால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே காற்றின் அளவை அறிவது, காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரைத் திறந்துவிடுவது, தார்ப்பாயின் கயிறு எந்த வளைவில் தளரும் என்பதை முன்கூட்டியே உணர்வது ஆகியவற்றைப் பையன் ஆண்டுக்கணக்கில் உடன் பிரயாணம் செய்து கற்றான். இதனைப் புகழும்போது இதன் கொடுமையையும் மறைத்தல் ஆகாது. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவனைச் சொற்ப ஊதியத்துக்கு இராப்பகலாக வேலை வாங்கிய முறை அது. குருவானவர் இடைவிடாத விழிப்பையும் நியூட்ரலில் இறக்குவதையும் சாமர்த்தியம் என்று கருதியவராயின், சீடனும் அதையே சாஸ்திரமாகக் கற்றான். இன்று வாடகையில் மிச்சம் போதாமல் பல வண்டிகள் கிளீனர் இன்றியே ஓடுகின்றன. பழைய பள்ளி மூடப்பட்டது; அதன் இடத்தில் வேறொன்றும் எழவில்லை.

சட்டம் கேட்பது முப்பது நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் பதினைந்து மணி நேரம் வண்டி ஓட்டுதல். 2021இல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையங்களில் இது ஆறு வாரங்களில் 38 மணி நேரமாக உயர்ந்திருப்பதையும், சிமுலேட்டர் புகுந்திருப்பதையும் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அங்கே தேறியவனுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுதல் தேர்விலிருந்து விலக்களித்ததை ஏற்க இயலவில்லை. கட்டணம் வாங்கிக் கற்பிப்பவரே தம் மாணவன் தேறினான் என்று முடிவுகூறுவது எவ்வளவு நேர்மையாளரையும் சோதிக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் வணிக ஓட்டுநர் தேர்வு வண்டியை நகர்த்துவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது: பிரேக், டயர், இணைப்புகள் ஒவ்வொன்றையும் சுட்டிப் பரிசோதித்துக் காட்டிய பின்னரே வண்டியை ஓட்டிக் காட்டலாம், காற்றுப் பிரேக் இல்லாத வண்டியில் தேறியவன் காற்றுப் பிரேக் வண்டியை ஓட்டலாகாது என்னும் தடை உரிமத்திலேயே பதிவாகிறது. நாமோ 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நடுத்தர, கனரகச் சரக்கு, பயணி வாகனங்களுக்கென இருந்த வகுப்புகளைப் போக்குவரத்து வாகனம் என்னும் ஒன்றினுள் அடக்கினோம்.

தேர்வைக் கடுமையாக்கினால் டிரைவர் கிடைக்கமாட்டார் என்று உரிமையாளர்கள் ஆட்சேபிப்பர். டிரைவரின் மகனே இத்தொழிலுக்கு வர மறுக்கும் நாளில் அவர்கள் கவலை மெய்யானதே. ஆனால் இளைஞர் விலகுவது பரீட்சைக்கு அஞ்சியன்று. உறக்கமில்லாத இரவுகளுக்கும், வீடு காணாத வாரங்களுக்கும், விபத்து நேர்ந்தால் தன்மேலேயே விழும் பழிக்கும் அஞ்சியே. ஆகவே, பதினெட்டு வயது நிரம்பியவனை உரிய ஊதியத்தோடு உதவியாளனாகச் சேர்த்து, எந்த வண்டியில், எவ்வளவு பாரத்தோடு, எந்தக் கணவாயை எத்தனை முறை கடந்தான் என்பதை ஒரு பதிவேட்டில் மூத்த ஓட்டுநர் கையொப்பத்துடன் குறித்துவைத்து, அந்தப் பதிவேட்டோடு வருபவனை ஆய்வாளர் பாரம் ஏற்றிய வண்டியில் சரிவான சாலை ஒன்றில் பரீட்சிக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்கான செலவில் ஒரு பங்கை அரசும், ஒரு பங்கை அவனது உழைப்பால் பயன்பெறும் சரக்கு முகவர்களும் ஏற்பது முறை. முதல் சம்பளம் கூட வாங்காத இளைஞன் தலையில் அதைச் சுமத்துவது தகாது.