கண்ணீருக்குப் பின் கரும்பலகை

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் பி.எச். டேனியல். தாம் அறிந்த கொடுமையை 1969இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலாக்கினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் தந்தார். அந்நாவலைத் தழுவிப் பாலாவின் ‘பரதேசி’ 2013இல் திரைக்கு வந்தது. படித்தவர் கலங்கினர், பார்த்தவர் அழுதனர். நாமும் கலங்கினோம்.

ஆனால், தோழர்காள்! கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்கிறோம். முன்பணம் காட்டி ஏழைகளை மலையேற்றிய மேஸ்திரியின் காலம் போயிற்று. மலேரியாவின் கொடுமை தணிந்தது. வெள்ளைத் துரையும் கப்பலேறினான். அதன் பின்னரும், வால்பாறையில் தாய் சுமந்த கொழுந்துக் கூடை மகளின் முதுகுக்கு மாறியது ஏன்?

தலையெழுத்தாம்! பெண்ணுக்குப் படிப்பு ஏறாதாம்! இரண்டும் பொய். இந்த எழுத்தை எழுதியவன் பிரமன் அல்லன், சட்டம் செய்தவர்கள்.

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்யுமாறு முதலாளியைப் பணிக்க மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. அதே சட்டம், இயற்றப்பட்டபோது, 12 வயது நிறையாத பிள்ளையை மட்டுமே வேலையிலிருந்து விலக்கியது. பள்ளிக்கதவு மூடும் வயதும் தோட்டக்கதவு திறக்கும் வயதும் ஒன்றே!

1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் கொதித்தெழுந்து எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. சமவெளியில் ஒழிந்த குலக்கல்வி, மலைமேல் திட்டமின்றியே நடந்தது அன்றோ?

தோட்டத்துப் பள்ளி தொடக்க வகுப்போடு நின்றால், மேல்வகுப்புக்கு வழி நெடிது. இடையே சிறுத்தை உலவும் காடு. மகனைத் துணிந்து அனுப்பும் தந்தை, மகளை அனுப்ப அஞ்சுகிறான். தாய் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தையைக் காப்பவள் அக்காள். பருவமெய்தியவளுக்குப் பள்ளியில் கழிப்பறை இல்லையேல், அன்றோடு படிப்பு முடிந்தது. இவற்றுள் எது அறிவுக் குறை? எல்லாம் அமைப்பின் குறை!

சான்று வேண்டுமா? பீகார் அரசு 2006இல் 9ஆம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி தரும் திட்டம் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிசித் பிரகாஷ் எனும் அறிஞர் இருவர் அதனை ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. தொலைவில் பள்ளி உள்ள ஊர்களிலேயே பயன் மிகுதி. பெண்ணின் மூளை மாறவில்லை, பாதைதான் மாறியது.

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டையூசி வளைவுகள் கடந்து ஏறும் வால்பாறையில் மிதிவண்டி உதவாது. அங்கே தேவை, பள்ளி மணிக்கு ஏற்ற பேருந்து; மாணவியர் விடுதி; மலையிலேயே தங்கும் ஆசிரியை; பணிக்குச் செல்லும் தாய்க்குக் குழந்தைக் காப்பகம். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி புகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருவது. நன்று! வரவேற்கிறோம். ஆயினும், எட்டாம் வகுப்பில் நின்றவளுக்கு அது எட்டாக் கனி. ஏணியின் உச்சிப்படியைப் பொன்னால் செய்தோம். நடுப்படிகளை எண்ணிப் பார்த்தோமா?

டேனியலின் நாவலைப் படியுங்கள், அழுங்கள். அழுத பின் அருகிலுள்ள பள்ளிக்குச் செல்லுங்கள். ஆறாம் வகுப்பில் எத்தனை பெண்கள், பத்தாம் வகுப்பில் எத்தனை பெண்கள் என்று எண்ணுங்கள். குறைந்தவர் எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே அந்நூலுக்கு நாம் எழுதும் உண்மையான விமர்சனம்!