பாடு நாளும் வாய்தா நாளும்

பழவேற்காட்டுக் குப்பங்களில் தன் வழக்கைத் தானே பேசுவது பழைய பழக்கம். ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பத்துக்காரர்கள் முறை வைத்துத் தொழில் செய்கிறார்கள். அதில் தகராறு வந்தால் ஊர் கூடும். குறைபட்டவர் எழுந்து நின்று தானே பேசுவார். எதிராளியும் தானே பதில் சொல்வார். மீன் விற்கும் பெண்களின் குரல் அந்தக் கூட்டத்தில் எடுபடுவது அரிது என்ற குறை அந்த முறைக்கு உண்டு. ஆனாலும் பேசத் தெரிந்த ஊர் அது.

பஞ்சாயத்தின் சொல் ஊர் எல்லையோடு நின்றுவிடும். சென்னை காசிமேட்டுப் பக்கம் வாங்கிய இன்ஜின் மூன்றாம் மாதமே நடுக்கடலில் நின்றுபோனால், கடைக்காரரை ஊர்க் கூட்டத்துக்கு அழைத்துவர முடியாது. அப்போது போக வேண்டிய இடம் நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் வைக்காமல் ஒருவர் தாமே வழக்குப் போட்டு நடத்தக்கூடிய இடங்களில் எளியவருக்கு மிக அருகில் இருப்பது அதுதான் என்பது என் கணிப்பு. அந்த அருகாமை ஏரிக்கரைக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. படகு இன்ஜின் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள். அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று, பழைய சட்டத்தில் இருந்த இதே விதியை வைத்து, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஆணையை மதிக்காதவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. தனி மனிதர் கையில் இவ்வளவு கூர்மையான கருவியைக் கொடுத்த சட்டங்கள் நம்மிடம் அதிகம் இல்லை.

முன்பு கடை இருக்கும் ஊரிலோ சிக்கல் எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலும் போடலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் பழவேற்காட்டுக்காரரின் மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் மாறிப் போக வேண்டும். கடை சென்னையில் என்றால் சென்னை ஆணையத்துக்குப் போவதே அவருக்குச் சுலபமாக இருக்கலாம். இரண்டில் எது வசதி என்று அவரே தேர்ந்துகொள்ளலாம் என்பதை யாராவது அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெரிய கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்கிறது சட்டம். கடையின் வக்கீல் முதலில் எடுக்கும் வாதமும் இதுவாகத்தான் இருக்கும்: படகில் நான்கு பேர் போகிறார்கள், மீனை ஏலம் விடுகிறார்கள், இது வணிகம். சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்ற விலக்கும் அதே சட்டத்தில் உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் தொடர்பான 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. நான்கு பேர் படகுக்கு அந்த 'ஓரிருவர்' போதுமா? படகில் வருபவர்கள் கூலியாட்கள் அல்லர், பங்குக்காரர்கள். செலவு போக மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆளுக்கொரு பங்கு. ஆகவே விலக்கு பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் "என் பிழைப்புக்காக நானே ஓட்டும் இன்ஜின்" என்ற ஒரு வரி மனுவிலேயே இருக்க வேண்டும். அந்த வரியின் அருமை வக்கீலுக்குத் தெரியும், மீனவருக்குத் தெரியாது. வழக்காட வக்கீல் தேவையில்லை என்ற சட்டம், வக்கீல் செய்யும் வேலையை மனுதாரர் தலையில் வைத்திருக்கிறது.

அடுத்தது காகிதம். ஊர்க் கூட்டத்தில் சாட்சி சொல்ல ஆள் போதும். ஆணையத்தில் ரசீது வேண்டும், பிரமாணப் பத்திரம் வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தொழில் செய்யும் இடத்தில் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதே சிக்கலாகலாம். இன்ஜினை உப்புத் தண்ணீர் படவிட்டுக் கழுவாமல் வைத்தார் என்று கடை சொன்னால், பழுது பிறவிக் கோளாறுதான் என்று காட்டப் பரிசோதனை வேண்டிவரும். அதற்கான பணத்தை முதலில் மனுதாரரே கட்ட நேரிடும். கட்டணமில்லா வழக்கு செலவில்லாத வழக்கு ஆகிவிடாது.

சிங்கப்பூரில் 1985 முதல் இயங்கும் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் இரு தரப்புமே வக்கீல் வைக்கக் கூடாது. நிறுவனமானாலும் அதன் ஊழியர்தான் வந்து பேச வேண்டும். நம் ஊர்க் கூட்டமும் அப்படித்தான். நம் ஆணையத்திலோ மனுதாரர் தனியாக நிற்க, எதிரே வக்கீல் வாய்தா கேட்கிறார். மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம், நடப்பில் நீளுகிறது. ஒவ்வொரு வாய்தாவும் ஏரிக்காரருக்கு ஒரு நாள் தொழில். அது அவருடைய பாடு நாளாக அமைந்துவிட்டால், சுற்று முடிந்து மறுபடி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காணொளி வழியாக ஆஜராகச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் சொல்லித் தெரிய வேண்டிய செய்தியாகவே இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வக்கீல் அல்லாத ஒருவரும் மனுதாரருக்காக ஆணையத்தில் பேசலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெண்களானால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண் மனுதாரர் வக்கீலும் கேட்டுப் பெறலாம். குப்பங்களில் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வட்டச் சட்டப் பணிகள் குழு பொன்னேரியிலிருந்து வந்து, படகுகள் கரையேறிய பிற்பகல்களில் ஒரு வாரம் உட்கார்ந்தால், ஊருக்கு இரண்டு பேருக்காவது மனு எழுதக் கற்றுக்கொடுத்துவிடலாம்.