புள்ளிவிபரவியற் கல்வி: கணிப்பும் கருத்தும்

பாடசாலையிற் பயிலப்படும் கணிதப் பகுதிகளுள், பயின்றவரது வாழ்க்கையை நேரே தொட்டுத் தீர்ப்புக் கூறும் பகுதி ஒன்று உண்டெனில் அது புள்ளிவிபரவியலே. கேத்திரகணிதத் தேற்றம் ஒன்றை மறந்தவருக்கு அதனால் உடனே நேரும் இழப்பு யாதுமில்லை. ஆனால், க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றில் மாணவர் ஒவ்வொருவரும் காணும் இசட் புள்ளியோ, அவர் மருத்துவராவாரா, பொறியியலாளராவாரா, பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே நிற்பாரா என்பதைப் பெரிதும் வரையறுக்கின்றது. அவ்வெண் எங்ஙனம் பிறந்தது என வினவின், விடை கூறவல்ல மாணவர் மிகச் சிலரே. இஃது அவர்தம் குறையன்று. அப்பாடத்தை நாம் கற்பிக்கும் முறையின் குறை. அம்முறையில் விடுபட்டிருப்பது யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று சாதாரண தர வகுப்புகளிற் கற்பிக்கப்படுவன யாவை என முதற்கண் நோக்குவோம். தரவுகளை அட்டவணைப்படுத்தல், வலையுருவரையம் வரைதல், இடை, இடையம், ஆகாரம் என்பவற்றைக் காணல், வகுப்பாயிடைகளாகக் கூட்டமாக்கிய பரம்பலின் இடையைக் கணித்தல், திரள் மீடிறன் வளையியிலிருந்து காலணைகளைப் பெறுதல் என்பன அவை. மாறற்றிறனும் நியம விலகலும் உயர்தர இணைந்த கணிதத்தில் இடம்பெறுகின்றன. இவை யாவும் வேண்டியனவே. வரிசை முறையும் பொருத்தமானதே. பாடநூல்கள் நாளாந்த வாழ்க்கையிலிருந்து உதாரணங்களை எடுக்க முயல்வதும் பாராட்டுக்குரியது.

எனினும் ஒரு முரண்பாடு இங்குளது. இசட் புள்ளி என்பது, ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்துப் பெறும் எண். அந்நியம விலகலை இணைந்த கணிதம் பயில்வோர் கற்பர். உயிரியற் பிரிவு மாணவரிற் பெரும்பாலோரும், கலைப்பிரிவு மாணவருட் பலரும், அச்சொல்லைப் பாடமாகக் கேளாமலே பாடசாலையை விட்டு நீங்குவர். தம்மை அளக்கும் கோல் எதுவென அறியாதார்க்கு, அக்கோல் நேரியதா கோணியதா என்று கேட்கும் வாய்ப்பும் இல்லை.

இணைந்த கணிதம் பயின்றார் நிலையும் முற்றிலும் வேறானதன்று. வினாத்தாளில் அட்டவணை முன்னரே அமைந்து வருகின்றது. அத்தரவுகளை எண்ணியவர் யார், எங்கு எண்ணினார், எவரை விட்டார் என்ற வினாக்களுக்கு அங்கு இடமில்லை. நிரல்களை நிரப்பிக் கூட்டி வகுத்து, இரண்டு தசம தானங்களுக்கு விடை எழுதியதும் பாடம் முடிவுறுகின்றது. இடை 47 எனக் கண்ட மாணவரை நோக்கி, "அதனால் நீர் அறிந்தது யாது?" என்று கேட்டால், கணித்த முறையை மீண்டும் ஒருகால் ஒப்புவிப்பார். கணிப்பு நிகழ்ந்தது, கருத்து நிகழவில்லை. இக்குறை புலனாகும் மூன்று இடங்களை இனிக் காண்போம்.

தொண்டைமானாற்று மாணவருக்கு முதலாவது எடுத்துக்காட்டு ஊரிலேயே உளது. வடமராட்சி நீரேரி கடலோடு கூடும் இவ்விடத்தில், உவர்நீர் உட்புகாது தடுக்கவும் மாரி வெள்ளத்தை வெளியேற்றவும் அணை அமைந்திருக்கின்றது. குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்வது. ஆண்டு மழையைப் பன்னிரண்டால் வகுத்துப் பெறும் மாத இடை, கணிதப்படி பிழையற்றது. ஆனால் எந்த ஒரு மாதத்தின் இயல்பையும் அது எடுத்துரையாது. ஆனி, ஆடியிற் கிணற்றடியில் நின்று பயிருக்கு நீர் இறைக்கும் தோட்டக்காரருக்கு அவ்விடை பயன்படாது. கார்த்திகை வெள்ளத்தில் அணைக்கதவு திறப்பாருக்கும் பயன்படாது. இடைமழையைக் கருதி அணை வகுப்பார் இலர். பெருமழையைக் கருதியே வகுப்பர். இவ்வளவையும் விளக்க ஒரு பாடவேளை போதும். இடையோடு சிதறலையும் ஏன் கற்கவேண்டும் என்பது அதன்பின் மாணவருக்குத் தானே விளங்கும்.

இரண்டாவது, எல்லை பற்றியது. இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871ஆம் ஆண்டு நிகழ்ந்தது. 1981ஆம் ஆண்டு மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை ஏறக்குறைய 8,30,000. போர் காரணமாக இம்மாவட்டத்தில் அடுத்த முழுமையான மதிப்பீடு 2012ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. அப்போது கண்ட தொகை ஏறக்குறைய 5,83,000. இரண்டையும் கழித்து, 2,47,000 பேர் குறைந்தனர் என எழுதும் மாணவருக்கு நாம் முழுப் புள்ளியும் வழங்குவோம். ஆனால் 1981இல் யாழ்ப்பாண மாவட்டம் என்றது கிளிநொச்சியையும் உள்ளடக்கியது. கிளிநொச்சி தனி மாவட்டமாகியது 1984ஆம் ஆண்டில். 1981இல் அப்பகுதியில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 92,000. அதனை நீக்கி ஒப்பிட்டால் வீழ்ச்சி 1,55,000 அளவினதாகும். இத்திருத்தத்தால் நம் மக்களின் இழப்புச் சிறிதாகிவிடவில்லை. ஒன்றரை இலட்சம் பேர் குறைந்த ஊர்களின் கதை சிறுகதையன்று. ஆயினும் மறுப்பார் ஒருவர் வந்து எல்லையைச் சுட்டிக்காட்டி நம் வாயை அடைக்க இடமளியாத எண்ணே நமக்கு வேண்டும். கழித்தலிற் பிழை நேரவில்லை. எதனை எதிலிருந்து கழிப்பது என்பதிலேயே பிழை நேர்ந்தது.

மூன்றாவது, இசட் புள்ளியே. இதனைச் சிறிய கணக்கொன்றால் விளக்கலாம். இரு கூட்டங்கள் உள; இரண்டிலும் மாணவர் தொகை சமம். முதற் கூட்டத்தின் இடை 40, இரண்டாவதன் இடை 60. இரண்டினதும் நியம விலகல் 10. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் 60 புள்ளி பெற்றார் என்க. கூட்டங்களைத் தனித்தனியே கொள்ளின், முதற் கூட்டத்தவரின் இசட் புள்ளி 2. இரண்டாங் கூட்டத்தவருடையது 0. இரண்டையும் ஒன்றாக்கின், இடை 50 ஆகும். மாறற்றிறன் 200 ஆகும். நியம விலகல் ஏறக்குறைய 14.1 ஆகும், இருவருக்கும் கிடைப்பது 0.71. மூன்று விடைகளும் கணிதப்படி சரியானவை. இவற்றுள் நீதியானது எது?

இவ்வினாவுக்குச் சூத்திரம் விடை கூறாது. இரு கூட்டங்களும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதி, ஒரே அளவாகத் திருத்தப்பட்டிருப்பின், அவற்றை ஒன்றாகக் கொள்வதே நீதி. தனித்தனியே கொள்வது, சிறப்பாகக் கற்ற கூட்டத்தைத் தண்டிப்பதாகும். அவை வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதி, ஒரு தாள் மற்றையதினும் கடினமாயிருந்திருப்பின், தனித்தனியே கொள்வதே நீதி. ஒன்றாக்குவது கடினமான தாளைப் பெற்றவரைத் தண்டிப்பதாகும். ஆகவே, கணிக்கத் தொடங்குமுன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: கூட்டம் யாது?

நம் நாட்டு வரலாறு இவ்விரு தவறுகளுக்கும் சான்று தருகின்றது. 1971இல் பேராதனைப் பொறியியற் பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவரிடம் 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவரிடம் 227 புள்ளிகளும் வேண்டப்பட்டன. 1973இல் மொழிமூல வாரியான தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு அதனோடு சேர்ந்தது. மொழிமூலத் தரப்படுத்தலின் அடிக்கல் ஓர் எடுகோள்: இரு மொழிமூலத்தாரின் சராசரித் திறன் சமம், புள்ளி வேற்றுமை தோன்றின் அது தாளாலோ திருத்தலாலோ வந்தது என்பது. அவ்வெடுகோள் மெய்யா என அறிய வழி இருந்தது: விடைத்தாள்களில் ஒரு மாதிரியை எடுத்து, இருமொழியும் வல்லாரைக் கொண்டு மீளத் திருத்தி ஒப்பிடலாம். எடுகோளை நிறுவவேண்டிய கடன் அதனை மேற்கொள்வாருடையது. நிறுவப்படாத எடுகோளின்மேற் செய்த கணக்கு எத்துணை நுட்பமாயினும், அது கணக்கின் உடையணிந்த கொள்கையேயாம். அக்கொள்கை ஒரு தலைமுறையின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தை இவ்விதழின் வாசகருக்கு யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மற்றைத் தவறு அண்மைக் காலத்தது. பாடங்களின் கடின வேற்றுமையைச் சமன் செய்யும் பொருட்டு, இசட் புள்ளி முறை 2001ஆம் ஆண்டளவில் அனுமதிக்கு வந்தது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடவிதானத்தாரும் புதிய பாடவிதானத்தாரும் தோற்றினர். அவர்கள் எழுதிய தாள்கள் வேறு. எனினும் இசட் புள்ளி கணிக்கப்பட்டபோது இருவரும் ஒரே கூட்டமாகக் கொள்ளப்பட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நீதிமன்றம் அப்புள்ளிகளைத் தள்ளி, இரு பாடவிதானத்தாரையும் வெவ்வேறு கூட்டங்களாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. 1973இல் ஒன்றாக இருக்கவேண்டியவை பிரிக்கப்பட்டன. 2011இல் பிரிந்திருக்க வேண்டியவை ஒன்றாக்கப்பட்டன. இரு காலத்தும் சூத்திரம் குற்றமற்றே நின்றது. மேலே கண்ட சிறு கணக்கை அறிந்த பதினாறு வயது மாணவர் எவரும் இரு தவறுகளையும் கண்டுகொள்வர். இப்பாடத்தின் பயனுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எண்ணைப் பெறுவது போலவே அதனைச் சோதிப்பதும் கல்வியின் பகுதியாம். நளன் கதையை அறியாத மாணவர் நம்மிடையே அரியர். மகாபாரதம் கூறும் அக்கதையில், இருதுபன்னன் தேரில் அமர்ந்தவாறே தான்றி மரமொன்றின் இலைகளையும் காய்களையும் தொகை கூறுகின்றான். நளன் அதனை வியந்து ஏற்றுக்கொண்டானல்லன். தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்த்த பின்னரே நம்புகின்றான். மன்னன் கூற்றேயாயினும் சோதியாது கொள்ளேன் என்ற அந்நிலையே புள்ளிவிபரவியலின் உள்ளம். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிசு, வங்காளத்துச் சணல் விளைநிலங்களை மாதிரி முறையால் மதிப்பிட்டபோது, ஒரே நிலப்பரப்பில் இரு குழுவினரைத் தனித்தனியே அளக்கச் செய்து, அவர்தம் விடைகளின் வேற்றுமையைக் கொண்டே பிழையின் அளவை அறிந்தார். நளன் செய்த சோதனைக்கு மரத்தை வெட்டவேண்டியிருந்தது. மகலனோபிசு மரத்தை வெட்டாமலே சோதிக்கும் வழி கண்டார்.

இவற்றைக் கற்பிக்கக் காலம் எங்கே எனச் சக ஆசிரியர் கேட்பர். அக்கேள்வி நியாயமானது. பாடவிதானம் நெருக்கமானது, பரீட்சை நெருங்குகின்றது, கணிப்புக்குப் புள்ளியிடுதல் எளிது, கருத்துக்குப் புள்ளியிடுதல் அரிது. ஆயினும் யாம் வேண்டுவது புதிய பாடமன்று. ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை செய்விக்கும் இடத்தில் ஏழு முறை செய்வித்து, எஞ்சிய நேரத்தில் மூன்று வினாக்களை எழுப்பினாற் போதும்: இது எக்கூட்டத்தின் எண்? இதில் விடுபட்டவர் யார்? இதனை எதனோடு ஒப்பிடுகின்றோம்?

செயல்முறையாக மூன்று கூறுவோம். ஒன்று, ஆண்டில் ஒரு முறையேனும் மாணவர் தாமே தரவு திரட்டவேண்டும். வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு கொண்டு வாரந்தோறும் அளந்து எழுதுதல் செலவற்றது. அளப்பவர் இருவராயின் பிழையின் இயல்பும் விளங்கும். இரண்டு, உயர்தர வகுப்பின் தொடக்கத்தில் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக நான்கு பாடவேளைகளில் இடை, நியம விலகல், இசட் புள்ளி என்பன கற்பிக்கப்படல் வேண்டும். மூன்று, நம் ஊர்ப் பெயர் தாங்கிய வெளிக்கள நிலையத்தின் உயர்தரப் பரீட்சைகளுக்குப் பல பாடசாலை மாணவர் ஒரே தாளில் விடை எழுதுகின்றனர். இரண்டு மூன்று பாடசாலைகள் பெயர்களை நீக்கிப் புள்ளிகளை மட்டும் பகிர்ந்துகொண்டால், மாணவர் தம் வகுப்பினுள் தம் இசட் புள்ளியையும், கூடிய கூட்டத்தினுள் அதே புள்ளிக்குரிய இசட் புள்ளியையும் தாமே கணிப்பர். ஒரே மாணவர், ஒரே உழைப்பு, இரு கூட்டம், இரு எண். இதனை ஒருமுறை தம் கையாற் செய்தவர் பின்னர் எந்த எண்ணையும் வாய்மூடி ஏற்கமாட்டார்.

எண்ணும் எழுத்தும் கண்ணெனத்தகும் என்று வளர்ந்த சமுதாயம் நம்முடையது. எழுத்தைப் பொருளுணர்ந்து படிக்கக் கற்பித்த நாம், எண்ணை மட்டும் பொருளுணராது ஒப்புவிக்கக் கற்பித்தல் தகாது. எண்ணால் தீர்ப்பளிக்கப்பட்டு, எண்ணால் இழந்து, எண்ணால் வாதிட்டு ஓரளவு மீண்ட மக்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அடுத்த முறை ஓர் அட்டவணை அவர்கள்முன் வைக்கப்படும்போது, பேனாவை எடுக்குமுன், இது எவரை எண்ணிய எண் என்று கேட்பாராயின், ஆசிரியரின் கடன் நிறைவுற்றதாகும்.