கட்சி வளர்ந்த கதையில் மாஞ்சோலைப் பெண்கள்

புதிய தமிழகம் கட்சி எப்படி வளர்ந்தது என்று திருநெல்வேலிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் சொல்வார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் நடத்திய சூறையாடல். அதை எதிர்த்து எழுந்த டாக்டர் கிருஷ்ணசாமி 1996இல் ஓட்டப்பிடாரத்தில் ஜனதா கட்சி வேட்பாளராக நின்று வென்றது. தேவேந்திர குல வேளாளர் கூட்டமைப்பாக இருந்தது அடுத்த சில ஆண்டுகளில் புதிய தமிழகம் என்ற அரசியல் கட்சியானது. பிறகு 1999 ஜூலை 23, தாமிரபரணி. அதன்பின் கூட்டணிக் கணக்குகள்.

இந்த வரிசையில் ஒரு தேதியும் பொய்யில்லை. ஆனால் இதில் நடமாடுகிறவர்கள் தலைவர், தொண்டர், போலீஸ், முதலமைச்சர். பெண்கள் ஒரே ஒரு இடத்தில் வருகிறார்கள், ஆற்றில் பிணமாக. செத்துப்போன பதினேழு பேரில் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை என்று ஒரு வரி. அந்த ஊர்வலம் எதற்காகப் புறப்பட்டது, யாருடைய கூலிக்காக, யார் சிறையில் இருந்ததற்காக என்று கேட்டால்தான் பெண்கள் உயிரோடு தென்படுவார்கள். ஒரு கட்சி வளர்ந்த கதையைப் பெண்கள் எதற்காக மறுபடி படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்: ஒரு கூலிப் போராட்டம் எந்த இடத்தில் சாதிப் பெருமையாக மாறியது, அந்த மாற்றத்தில் யாருடைய கோரிக்கை கைவிடப்பட்டது என்பதை அங்கேதான் பார்க்க முடிகிறது.

முதலில் கொடியன்குளம். ஏறக்குறைய 600 போலீஸ்காரர்கள் பட்டப்பகலில் ஊருக்குள் இறங்கினார்கள். உடைபட்டவற்றின் பட்டியலைக் கவனியுங்கள்: தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், தானியம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எரித்தார்கள். ஊர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள். கொஞ்சம் நிமிர்ந்துவிட்ட ஒரு தலித் ஊரை மறுபடி குனிய வைப்பதே நோக்கம் என்று அப்போதே பலர் எழுதினார்கள். அது சரியான வாசிப்புத்தான். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருக்கிறது. தையல் இயந்திரமும் குலுக்கைத் தானியமும் கிணற்றுத் தண்ணீரும் ஒரு வீட்டில் யார் கையில் இருப்பவை? அவ்வளவு பெரிய அழிவு பெண்களின் அன்றாடத்தின் மேல் நடந்தது. அதற்கு வந்த அரசியல் பதிலோ வீரத்தின் மொழியில் வந்தது. நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, நாங்களும் ஆண்ட பரம்பரை என்று.

இந்த மொழி எப்படி வேலை செய்யும் என்பதற்கு 1997 ஒரு சாட்சி. விருதுநகரில் புதிதாக அமைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது தமிழக அரசு. கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரர் குலத்தவர். அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்ப, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துக் கழகங்களிலிருந்தும் ஒரே அடியாக எடுத்துவிட்டது. ஒரு தலித்தின் பெயர் பேருந்தில் இருக்கக் கூடாது என்பதற்காக எல்லாப் பெயரையும் அழிக்கத் துணிந்த சமூகத்தில் பெயருக்காகப் போராடுவது சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுந்தரலிங்கம் வெள்ளைக்காரர்களின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்து உயிர்விட்டதாகச் சொல்லும் அதே வாய்மொழிக் கதையில் அவரோடு சேர்ந்து பாய்ந்த முறைப்பெண் வடிவும் இருக்கிறாள். பேருந்துக்கு அவள் பெயரை வைக்கலாமா என்ற பேச்சே எழவில்லை. கலவரம் செய்தவர்களுக்கும் அவள் நினைவில்லை, எதிர்த்து நின்றவர்களுக்கும் இல்லை.

கட்சி எதையுமே செய்யவில்லை என்று எழுதுவது அநியாயம். இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளுக்கும் மாறி மாறி ஓட்டுப் போட்டுக்கொண்டு, அடி விழுந்தால் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த மக்களைத் தனிக் கொடியின்கீழ் நிற்க வைத்தது அது. 1957இல் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட பிறகு நாற்பது ஆண்டுகளாகத் தென்மாவட்டங்களில் உறைந்திருந்த பயத்தைக் கொஞ்சம் அசைத்தது. அந்தத் தைரியம் பெண்களுக்கும் கிடைத்தது. கூட்டங்களுக்குப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதே அதற்கு அத்தாட்சி. அப்படி வந்த பெண்களைக் கட்சி யாராகப் பார்த்தது என்பதுதான் என் கேள்வி.

மாஞ்சோலைக்கு வருவோம். மணிமுத்தாறு அணைக்கு மேலே மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கும் மேலான காட்டை 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம். கீழே சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கூட்டிவந்த குடும்பங்கள் காட்டை அழித்துத் தேயிலை வைத்தன. பெரும்பகுதி தலித் குடும்பங்கள். ஆண்களுக்குக் கவாத்து, மருந்தடிப்பு, ஆலை வேலை. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. தேயிலைத் தோட்டம் என்கிற தொழிலின் அச்சாணியே அந்தப் பறிப்புத்தான். நிறுவையில் கிலோ குறைந்தால் திட்டு வாங்குகிறவளும், மழையில் அட்டைக்கடி படுகிறவளும், வேலை முடிந்து லயன் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுகிறவளும் ஒருத்தியேதான். வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். இந்த ஒரு நிபந்தனையைப் புரிந்துகொள்ளாமல் தோட்டத்துப் பெண்ணின் அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. சமவெளியில் கூலி தகராறு என்றால் இன்னொரு வயலுக்குப் போகலாம். மலையில் வேலைநிறுத்தம் என்றால் கூரையைப் பணயம் வைப்பது.

தோட்டத்தில் பல கட்சிகளின் தொழிற்சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன. அவை போட்ட ஒப்பந்தங்களில் நம்பிக்கை இழந்துதான் 1998, 1999இல் தொழிலாளர்கள் புதிய தமிழகத்தின் பக்கம் திரும்பினார்கள். ஆக, மாஞ்சோலையைக் கட்சி தேடிப் போய் வென்றது என்று சொல்வதைவிட, கூலிக்காகப் போராடத் துணிந்த தொழிலாளர்கள் தங்களுக்கு ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே பொருத்தம். கட்சியின் வரலாற்றை இந்தப் பக்கத்திலிருந்து எழுதினால் அது வேறு புத்தகமாக இருக்கும்.

1999 ஜூனில் கூலி உயர்வு கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் நின்றவர்களைக் கைது செய்தார்கள். ஆண்களும் பெண்களுமாக 652 பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுவிக்கவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கேட்டுத்தான் ஜூலை 23 ஊர்வலம். புதிய தமிழகத்தோடு தமிழ் மாநிலக் காங்கிரசும் இடதுசாரிகளும் வந்தார்கள். ஜங்ஷனிலிருந்து கிளம்பிய கூட்டம் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே வந்தபோது தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. ஆற்றில் இறங்கியவர்களையும் விடாமல் அடித்தது ஆர்.ஆர். சீனிவாசனின் ‘ஒரு நதியின் மரணம்’ ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. பதினேழு பேர் செத்தார்கள். விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் போலீஸ் நடவடிக்கை நியாயமானது என்றது.

இதன்பின் நடந்ததைக் கட்சியின் வரலாறு வேகமாகக் கடந்துவிடும். 1999இல் ஆட்சியில் இருந்தது தி.மு.க. இரண்டே ஆண்டுகளில், 2001 சட்டமன்றத் தேர்தலில், அதே தி.மு.க. அணியில் பத்துத் தொகுதிகளில் நின்று பத்திலும் தோற்றது புதிய தமிழகம். 2011இல் அ.தி.மு.க. அணியில் இரண்டு இடம் கிடைத்தது. கொடியன்குளம் நடந்தபோது ஆண்டது அந்தக் கட்சி. 2016இல் மறுபடி தி.மு.க., 2019இல் அ.தி.மு.க.–பா.ஜ.க. அணி. சிறிய கட்சிகளுக்கு வேறு வழியில்லை என்பார்கள். இருக்கலாம். தேர்தல் முறை அப்படித்தான் அவர்களை நெருக்குகிறது. ஆனால் கூட்டணி பேசும் மேசையில் என்ன கேட்கப்பட்டது? தொகுதி எண்ணிக்கை. தோட்டக் கூலி ஒரு கூட்டணிக்காவது நிபந்தனையாக இருந்திருந்தால், 2001 தோல்வியையும் வேறு விதமாகப் படிக்கலாம். பதினேழு பேரின் சாவு கட்சிக்கு எடை கூட்டியது. அந்த எடையை வைத்துப் பேரம் பேசியவர்கள் பறிக்கிறவர்களின் கணக்கைத் தீர்க்கவில்லை. 2011இல் கட்சியின் பெயரால் சட்டமன்றத்துக்குள் போன இருவருமே ஆண்கள்.

இன்னொரு திருப்பம், என் பார்வையில் இதைவிட முக்கியமானது. கூலியும் சட்டமும் பேசிய கட்சி காலப்போக்கில் வம்சாவளி பேசத் தொடங்கியது. ஏழு உட்பிரிவுகளையும் தேவேந்திர குல வேளாளர் என்ற ஒரே பெயரில் அழைக்க வேண்டும் என்ற கோரிக்கை 2021இல் நாடாளுமன்றச் சட்டமானது. இழிபெயர்களைத் தூக்கியெறியும் உரிமையை நான் மறுக்கவில்லை. அதோடு நிற்காமல், பட்டியல் சாதியிலிருந்தே வெளியேற வேண்டும் என்பது கட்சியின் முதன்மைக் கோரிக்கையானது. நாங்கள் தலித் இல்லை, மருத நிலத்தின் உழவர்கள், நெல்லைக் கண்டவர்கள் என்ற வாதம்.

அந்த மருத நிலத்தையே பார்ப்போம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூவிலும் நாற்றுப் பிடுங்குவதும் நடுவதும் களையெடுப்பதும் பெண்கள். முதுகு ஒடிய நட்டவளுக்கு ஏர் பிடித்தவனைவிடக் கூலி குறைவு. பெருமைக் கதையில் வருவது ஏர், நாற்றுமுடி வருவதில்லை. ஆண்ட பரம்பரை என்று சொல்லும் எந்தச் சாதியும், அடித்தவர்களானாலும் அடிபட்டவர்களானாலும், முதலில் செய்வது தன் பெண்களை வேலைக்காரியாக அல்லாமல் குலமகளாகக் காட்டுவதுதான். குலமகளுக்குக் கௌரவம் உண்டு; கூலிப் பாக்கி கிடையாது. அவள் யாரைக் கல்யாணம் செய்கிறாள் என்பதுதான் ஊரின் கவலை.

பட்டியலை விட்டு வெளியேறினால் முதலில் யார் இழப்பார்கள்? இடஒதுக்கீடு என்பது ஆண் தலைவர்களுக்குத் தொகுதி. கட்சி வென்ற ஓட்டப்பிடாரமும் நிலக்கோட்டையும், தலைவர் திரும்பத் திரும்ப நின்ற தென்காசியும் தனித் தொகுதிகள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு அது விடுதி இடம், உதவித்தொகை, செவிலியர் படிப்பு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. வீட்டில் பணம் குறைந்தால் முதலில் படிப்பு நிற்பது மகளுக்குத்தான் என்பது நமக்கெல்லாம் தெரியும். சாதிச் சான்றிதழ் அவளுக்கு அவமானமா வாசலா என்று அவளைக் கேட்டு எடுத்த முடிவாக இது எனக்குத் தெரியவில்லை.

வேறு வழி இருந்ததா என்பவர்களுக்கு மூணாறைக் காட்டலாம். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலரின் முன்னோர் நம் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டிவிட்டுத் தாங்களே பேசி போனஸை வாங்கினார்கள். பொம்பிளை ஒருமை என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களையும் வென்றார்கள். பிறகு பிளவுபட்டுத் தளர்ந்தார்கள். அதை வெற்றிக் கதையாக நான் சொல்ல வரவில்லை; கட்சிகளும் சங்கங்களும் அவர்களைத் தளரவைக்க எல்லாம் செய்தன. ஆனால் அங்கே சாலையில் உட்கார்ந்தவளும் மேசையில் பேசியவளும் ஒருத்தியாக இருந்தாள். மாஞ்சோலையில் மலையிறங்கியவள் ஒருத்தி, பேசியவர் வேறொருவர்.

2024 ஜூனில் மாஞ்சோலையில் வேலை நின்றது. குத்தகை முடிய 2028 வரை காலம் இருக்கும்போதே, ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். விருப்பம் என்ற சொல்லை இப்படியும் பயன்படுத்தலாம் போல. அரசின் தேயிலைக் கழகம் தோட்டத்தை ஏற்க வேண்டும் என்று பல தரப்பிலிருந்தும் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். கிருஷ்ணசாமியும் போனார், அது பாராட்டத்தக்கது. நீதிமன்றத்தில் காடும் புலிகள் காப்பகமும் பெரிதாகப் பேசப்பட்டன. ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் கட்சிகள் வரிசையாக வந்து தாமிரபரணியில் மலர் தூவுகின்றன. தூவிய கையோடு, கீழே இறக்கப்படும் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் எங்கே, பட்டா யார் பெயரில், முப்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண்ணின் பெயரிலா என்று எந்தக் கட்சி மேடையிலாவது கேட்டால் தேவலை.