அரைப்பேருக்கு அரைத் தேங்காய்

பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் போடுவார். மலைக்கு ஏறும் வழியில் மரத்தடி முனியைக் கும்பிடுகிற பெண்ணுக்கு இது தெரியும். அதனால் அவள் வேண்டுதலும் கணக்காகவே இருக்கும்: "முழுப்பேர் விழுந்தா முழுத் தேங்கா. அரைப்பேருன்னா ஒனக்கும் அரைத் தேங்காதான் சாமி." கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் கும்பிட்ட கை இறங்கியிருக்காது.

இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் பழகியவர்களுக்கு இந்தத் தொனி புதிதல்ல. இதை மரியாதைக் குறைவு என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எளிய மக்களின் ஞானம் என்று தலையில் தூக்கிவைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் இந்த வழக்கம் எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்று பார்ப்பதில்லை.

சாமியை ஏசுவது தமிழில் பழைய உரிமை. தம்பிரான் தோழரான சுந்தரர் சிவனோடு சண்டை பிடித்தார். 15ஆம் நூற்றாண்டின் காளமேகம் ஏசுவதுபோல் துதிப்பதைக் கலையாகவே ஆக்கினார். ஆனால் சுந்தரர் பேசியது நண்பனாக. தோட்டத்துப் பெண் பேசுவது கூலிக்காரியாக. அவளுடைய சாமிகளும் வேலையிடத்துச் சாமிகள்தாம். தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவல் ரோதைமுனி. தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. ஆகமம் அறியாத இத்தெய்வங்கள் பேர், நிறை, மழை ஆகியவற்றின் கணக்கை அறிந்தவை. அன்றாடத்தை இவ்வளவு நெருக்கமாக வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததே இவ்வழக்கத்தின் முதல் பலம்.

இரண்டாவது பலம், வாயைத் திறக்க ஓர் இடம் கிடைத்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துரைக்கு முன் சொல்ல முடியாததை முனிக்கு முன் சொல்லலாம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதற்குப் பின் மனு எழுதினாலும் யாருக்கு எழுதுவது? கடதாசி கேட்காமல் முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டது முனி மட்டும்தான். அழவேண்டிய இடத்தில் கொஞ்சம் சிரிக்கவும் முடிந்ததால் அந்தத் தலைமுறைகள் நிமிர்ந்து நின்றன. மாசியில் ஆடும் காமன் கூத்திலும் இதே கலவைதான். காமனை இழந்த ரதியின் ஒப்பாரிக்கும் கோமாளியின் குறும்புக்கும் ஒரே தப்புதான் அடிக்கிறது; பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறார்கள்.

குறைகளும் இங்கேதான் முளைக்கின்றன. சிரிப்பு எல்லாரையும் ஒரேயளவில் சீண்டுவதில்லை. மரபாக ரதி வேடம் கட்டுவதும் ஆண்தான். கேலிக்குப் பெண்ணும் தாழ்த்தப்பட்டவனும் எளிதில் அகப்படுகிறார்கள். இதைவிடப் பெரிய குறையொன்று உண்டு. மானிடவியலாளர் மேக்ஸ் கிளக்மன் 1950களில் ஆப்பிரிக்கச் சடங்குகளை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்: அரசனை ஏசச் சடங்கு அனுமதிக்கும் இடத்தில் அரசு ஆட்டம் காண்பதில்லை, உறுதிப்படுகிறது. முனியிடம் கொட்டித் தீர்த்த கோபம் துரையின் காரியாலயம் வரை போய்ச் சேருமா என்ற கேள்வியை இது எழுப்புகிறது.

மீரியபெத்தவில் அந்தக் கேள்வி கூர்மையாகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள். கோயிலும் மண்ணுக்குள் போனது. அன்று கந்தசஷ்டி; வேலால் மலையைப் பிளந்தவனைக் கொண்டாடும் நாளில் மலை தன் மக்கள்மீதே விழுந்தது. இந்த முரணைச் சொல்லி முருகனோடு சண்டை பிடிக்க யாருக்கும் உரிமையுண்டு. ஆனால் 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. லயத்தை விட்டுப் போகச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அம்மக்களிடம் இல்லை. இது முருகன் செய்த பிழையல்ல. "சாமி குத்தம்" என்று ஒருவர் பெருமூச்சு விடும்போது, நிலம் கொடுக்கவேண்டியவர்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

அப்படியானால் இந்த வழிபாட்டை விட்டுவிட வேண்டுமா? கூடாது. இழப்புக்குப் பின் பாடசாலையிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் முடங்கிக் கிடந்தவர்களுக்குச் சாமியும் பகடியும் இல்லாமல் நாள் நகர்ந்திருக்காது. பிழை வேண்டுதலில் இல்லை. எல்லா வழக்கையும் ஒரே இடத்தில் தொடுப்பதில் இருக்கிறது. நாடற்ற காலத்தில் முனியைத் தவிர வேறு முகவரி இல்லை. ஆனால் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கும் 2003இல் பிரஜாவுரிமை வந்துவிட்டது. வாக்கு இருக்கிறது, பிரதேச செயலகம் இருக்கிறது. இருந்தும் மீரியபெத்த மக்கள் பூனாகலைப் பக்கத்தில் புதுவீடு காண 2016 ஆயிற்று. 2023இல் அதே பூனாகலையில் இன்னொரு மலை சரிந்து லயங்களை இடித்தது.

அந்தப் பெண்ணின் வேண்டுதலை மறுபடி கேட்டுப்பாருங்கள். அதில் கெஞ்சல் இல்லை. தந்தால் இவ்வளவு, தராவிட்டால் இவ்வளவு என்று சாமியோடேயே ஒப்பந்தம் பேசத் தெரிந்தவள் அவள். முனி அதற்காக அவளைக் கோபித்ததில்லை. அதே நாக்கை மரத்தடியிலேயே விட்டுவிட்டுக் காரியாலயப் படியேறும்போது மட்டும் அவள் ஏன் கைகட்டி நிற்கவேண்டும்?