சுவரும் ஏடும்: ஆனந்தரங்கர் மாளிகை பற்றிய ஒரு மதிப்பீடு

புதுச்சேரியின் பழைய மாளிகைகளைப் பற்றி எழுதுவோர் அவற்றைப் பிரெஞ்சியரின் கலைச் சின்னங்களாகவே பெரிதும் வியந்துரைப்பர். ஆயின், அந்நகரில் மரபுச் செல்வமாகப் போற்றப்படும் மிகப் பழைய மனைகளுள் ஒன்று தமிழர் ஒருவருக்கு உரியதாகும். 1747 முதல் ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) வாழ்ந்த மாளிகையே அது.

1730களில் எழுந்த இம்மனையின் கீழ்த்தளம் முற்றமும் மரத்தூண்களும் கொண்ட தமிழர் மனை. மேல்தளமோ சாந்து பூசிய பருந்தூண்களுடன் ஐரோப்பியச் சாயலில் அமைந்தது. இதனை இரு பண்பாடுகளின் இனிய சங்கமம் எனப் பாராட்டுவர். பாராட்டுப் பொருத்தமானதே, எனினும் போதியதன்று. இரு பண்பாடுகளும் சமநிலையில் கைகோத்தன என்னும் மயக்கத்தை அது விளைவிக்கின்றது.

அம்மயக்கத்தைத் தெளிவிப்பது அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பாகும். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட வேளையில், வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு ஆட்சியினர் இடித்த செய்தி அதில் இடம்பெறுகின்றது. ஆளுநரின் நம்பிக்கையைப் பெற்ற அவராலும் அதனைத் தடுக்க இயலவில்லை. மேல்தளத்து அழகு கூறாத உண்மையை ஏடு கூறுகின்றது.

1761 சனவரியில் பிள்ளை மறைந்தார். அம்மாதமே நகர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் ஆளுநர் மாளிகையும் தகர்க்கப்பட்டன. துபாசியின் மனை எஞ்சியது. அவருடைய ஏடுகளை 1846இல் கல்லுவா மொம்பிரன் கண்டறிந்தார். அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. கடற்கரையிலிருந்த பழைய நகரமன்றக் கட்டடம் 2014இல் இடிந்து வீழ்ந்தது. பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. சுவரை மீளக் கட்டலாம். எழுதாது மறைந்த வாழ்வை எங்ஙனம் மீட்பது?

நாட்குறிப்புக்கும் ஒரு குறை உண்டு. அது செல்வ வணிகர் ஒருவரின் நோக்கு. தூண் செதுக்கிய தச்சனும் சாந்து குழைத்த கொத்தனும் தம் குரலில் அதிற் பேசவில்லை.

இக்குறை நம் நாட்டில் மேலும் பெரிது. சபரகமுவத் தோட்டங்களின் துரை பங்களாக்களுக்கு மரபுச் சின்னம் என்னும் மதிப்பு எளிதிற் கிட்டுகின்றது. லயன்களுக்கு அம்மதிப்பு இல்லை. செக்ரோலில் தொழிலாளியின் பேர் விழுந்தது. அவர் வாழ்வு எழுதப்படவில்லை. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. அன்றே புளத்கொஹுபிட்டியவில் களுபஹனத் தோட்ட லயனும் மண்ணுள் மறைந்தது. மலைச்சரிவில் வீடு நிலையாது. எனவே, இங்கு மரபு பேணுதல் சுவரிலிருந்தன்று, ஏட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். முதியோர் நினைவிலுள்ள லயன் வாழ்வை அவர் வாழுங் காலத்திலேயே எழுதி வைத்தல், இப்பகுதியில் கற்றோர் அனைவரதும் கடமையாகும்.