தடாதகை என்னும் பெயர்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் பேத்திக்குத் 'தடாதகை' என்று பெயர் சூட்ட விழைந்தார். வீட்டுப் பெரியோர் உடன்படவில்லை. "ஆண்பிள்ளைப் பெயர்போல் முரட்டுத்தனமாய் ஒலிக்கிறதே, தமிழறியாத இவ்வூர்ப் பள்ளியில் யார் வாயில் இது நுழையும்? மீனாட்சி என்றே வைப்போம். இருவரும் ஒருவர்தாமே" என்றனர். அவ்வாறே ஆயிற்று. மீனாட்சி என்னும் திருப்பெயருக்குக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், 'இருவரும் ஒருவர்தாமே' என்ற அச்சொல் இலக்கிய நோக்கில் ஆராயத்தக்கது எனக் கருதுகிறோம்.

முதற்கண் ஒலியை நோக்குவோம். ஆண்பாலுக்கு னகர ஒற்றும் பெண்பாலுக்கு ளகர ஒற்றும் ஈறாகும் எனத் தொல்காப்பியம் வகுத்தது. 'தடாதகை' இவ்விரண்டிலும் சேராது. ஐகார ஈறோ கோதை, மேகலை எனப் பெண்பெயர்களில் பயின்று வருவதே. நான்கு எழுத்தும் வல்லினமாதலால் முரடாய் ஒலிக்கிறது எனலாமோ எனின், கோதையும் வல்லினமே, சீதையும் வல்லினமே. அவற்றை முரடு என்பார் யார்? எனவே குறை எழுத்தில் இல்லை. நம் செவியின் பழக்கத்தில் உள்ளது.

இனிக் கதைக்கு வருவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகையின் அவதாரம் நான்காம் திருவிளையாடல். மகப்பேறு வேண்டி வேள்வி செய்த மலயத்துவச பாண்டியனுக்கு, வேள்வித் தீயினின்று மூன்று தனங்களோடு ஒரு பெண்மகவு தோன்றுகிறது. மைந்தனை வேண்டியவனுக்கு மகள் வந்தாள். அவள் வடிவோ பகைவர் நகைக்குமாறு அமைந்தது. மன்னன் வருந்துகிறான். அப்போது எழும் வான்மொழி, 'மைந்தனுக்குரிய சடங்குகளையெல்லாம் இவளுக்குச் செய்க. தடாதகை எனப் பெயரிடுக. முடிசூட்டுக' எனப் பணிக்கிறது.

இவ்விடத்தே புலவரின் நுட்பத்தைக் காண்கிறோம். மகனில்லாக் குறையை மறைக்கத் தந்தை தேடிக்கொண்ட பெயரன்று இது. தந்தையின் வருத்தத்திற்கு இறைவன் தந்த மறுமொழி. பெயரும் முடியும் ஒரே கட்டளையில் வருகின்றன. அப்பெயருக்கேற்பவே அவள் படைக்கலம் பயின்று, அரசு புரிந்து, திக்குவிசயம் செய்து, கயிலைவரை செல்கிறாள்.

கயிலையில் சிவபெருமானைக் கண்டவுடன் மூன்றாம் தனம் மறைகிறது. வில்லேந்திய வீராங்கனை நாணித் தலைகவிழ்கிறாள். திருமணத்துக்குப்பின் அரசு சுந்தர பாண்டியனுடையது. இறைவியும் இறைவனும் ஒன்றாதலே இதன் தத்துவம் எனச் சைவப் பெரியோர் கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. காவியமாகப் படிக்குங்கால் மட்டும், கயிலைவரை நடந்த அவ்வீரம் ஒரு நொடியில் ஒடுங்குவது நம் மனத்தை உறுத்தவே செய்கிறது.

மணிப்பூர் இளவரசி சித்திராங்கதையின் கதை இதனோடு ஒப்பிடற்குரியது. பாரதத்தில் அப்பெயரின் ஆண்வடிவமான சித்திராங்கதன் என்பது சந்தனுவின் மைந்தனுக்கும், அவனைப் போரில் கொன்ற கந்தர்வனுக்கும் உரியது. அவளைப் பற்றி 1892-இல் நாடகம் யாத்த தாகூர், மகனைப்போல் வளர்க்கப்பட்டவளாக அவளைப் படைத்தார். அருச்சுனனைக் கவர ஓராண்டு அழகை இரவலாகப் பெறும் அவள், முடிவில் அதனைத் துறந்து தன் இயல்பான உருவிலேயே அவன்முன் நிற்கிறாள். வங்கக் கவிஞரின் நாயகி காதலுக்குப்பின் தன்னை மீட்டுக்கொள்கிறாள். நம் புராண நாயகி காதலில் தன்னை ஒப்படைக்கிறாள். இரண்டும் அழகே. ஆனால் பின்னதில் இழப்பொன்று உண்டு என்பதை மறைத்தல் திறனாய்வாகாது.

அவ்விழப்பைப் பெருக்கியவர் புலவரல்லர், நாமே. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் முடிசூடுவதும் திக்குவிசயம் செல்வதும் திருமணத்திற்கு முந்திய நிகழ்ச்சிகள்; புராணப்படி அவை தடாதகையின் செயல்கள். நாமோ 'மீனாட்சி பட்டாபிஷேகம்', 'மீனாட்சி திக்குவிஜயம்' என்றே வழங்குகிறோம். அரசு புரிந்த பெயர் ஏட்டில் தங்க, கயல்விழியின் பெயர் வீட்டில் வழங்கிற்று. மனைவி சொல் செல்லும் இல்லத்தை 'மதுரையோ?' என்று கேட்டு நகைக்கிறோம். ஒரு பேரரசியின் ஆட்சி நம்மிடம் எஞ்சியிருப்பது அந்த நகைப்பில்தான்!

ஆகவே இருவரும் ஒருவரே, பெயர்கள் ஒன்றல்ல. ஒன்று அவள் கண்ணைச் சொல்கிறது. மற்றொன்று அவள் ஆண்ட காலத்தை நினைவூட்டுகிறது. தாய்நிலம் விட்டு வந்த நமக்கு, குழந்தையின் பெயரே பல வேளைகளில் வீட்டில் எஞ்சும் தமிழ். அதனை அயலார் நாவுக்கு எளிதா என்பது ஒன்றைக் கொண்டே தேர்ந்தால், நம் இலக்கியத்தில் பாதி அழைப்பாரின்றிப் போகும்.

அன்பரின் பேத்தி வளர்ந்து ஒருநாள் தன் பெயருக்குப் பொருள் கேட்பாள். கயல் போன்ற விழியள் என்பதோடு நிறுத்தாது, அவ்விழியாளுக்குத் தந்தை இட்ட பெயர் வேறொன்று உண்டு என்பதையும் பாட்டனார் சொல்வாராக.